ரப்பர் ஆலையின் காற்றூட்டுக் குளம் நாற்றமெடுத்தால்: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

குலசேகரம், அருமனை போன்ற ரப்பர் விளையும் பகுதிகளில் ரப்பர் பால் பதப்படுத்தும் ஆலையொன்றின் காற்றூட்டுக் குளத்தை, அதாவது கழிவுநீரில் காற்றைச் செலுத்திச் சுத்திகரிக்கும் குளத்தைக் கவனிக்கும் பொறுப்பு உங்களுக்குப் புதிதாக வந்திருந்தால், நாற்றம் எழுந்தவுடன் பாக்டீரியாப் பொடி வாங்கிக் கொட்டவும் வேண்டாம், காற்றை ஊதும் இயந்திரமான புளோயரைக் கூட்டி ஓட்டவும் வேண்டாம். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் செய்யும் இவ்விரண்டும் பணத்தையும் மின்சாரத்தையும் தின்னும். குளம் அப்படியே கிடக்கும்.

முதலில், விடியுமுன் கரைந்த ஆக்சிஜனை அளந்து பாருங்கள். பிற்பகலில் எடுக்கும் அளவு நம்மை ஏமாற்றிவிடும். 30 டிகிரி வெப்பத்தில் நன்னீரில் காற்றிலிருந்து கரையக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான். பிற்பகலில் மீட்டர் 9, 10 என்று காட்டினால் அது பெரும்பாலும் பாசி வெளியிட்ட ஆக்சிஜன். இருட்டியபின் அதே பாசி ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளத் தொடங்கும். ஆகவே சூரியன் எழுமுன், நீர் நுழையுமிடம், நடுப்பகுதி, மூலைகள், வெளியேறுமிடம் என ஒவ்வோரிடத்திலும் மேல்மட்டத்தில் ஒருமுறையும் ஆழத்தில் ஒருமுறையும் அளந்து எழுதிவையுங்கள். எங்கும் 2 மில்லிகிராம் அளவில் இருந்தால் கவலையில்லை. ஒரு மூலையில் மட்டும் 1-க்குக் கீழே இறங்கியிருந்தால் அங்கே நீர் கலக்கவில்லை என்று பொருள்.

அடுத்து இயந்திரங்களைப் பாருங்கள். நீரைச் சுழற்றிக் காற்றூட்டும் மிதக்கும் ஏரேட்டராக இருந்தால் அதன் ஆம்பியர் அளவைப் பழைய பதிவோடு ஒப்பிடுங்கள். உறைந்த ரப்பர் துண்டுகளும் நாரும் சுழலியில் சுற்றிக்கொள்வதால் அளவு மாறும். மின்சாரத்தை முழுவதும் துண்டித்த பிறகே கை வைக்க வேண்டும். அடியிலுள்ள சவ்வின் துளைகள் வழியே காற்றைக் குமிழிகளாக விடும் டிஃப்யூசர் அமைப்பில் குமிழிகளே விவரத்தைச் சொல்லிவிடும்: ஓரிடத்தில் மட்டும் நீர் கொதிப்பதுபோல் பொங்கினால் சவ்வு கிழிந்திருக்கும் அல்லது குழாய் உடைந்திருக்கும், குமிழி குறைந்து புளோயரின் அழுத்தமும் ஏறியிருந்தால் துளைகள் அடைத்திருக்கும்.

இயந்திரம் சரியாக ஓடியும் ஆக்சிஜன் ஏறவில்லையென்றால் அடிக்கசடைச் சந்தேகிக்க வேண்டும். நீளமான கம்பின் கீழ்ப்பகுதியில் வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டி, தரையைத் தொடும்வரை மெல்ல இறக்கி, சிறிது நேரம் நிறுத்திவைத்து எடுங்கள். கறுத்துப் பிசுபிசுவென்று கறை ஏறியிருக்கும் உயரமே கசடின் ஆழம். மார்ச், ஏப்ரல் வெயிலில் இந்தக் கசடு வேகமாக அழுகி அம்மோனியாவையும் கரிமப் பொருளையும் மேலே விடுவதால், ஆலையிலிருந்து வரும் சுமை கூடாமலே குளம் கெட்டதுபோல் தெரியும். இதற்குக் கசடை அள்ளுவதுதான் வழி. படகில் ஒருபோதும் தனியாக இறங்காதீர்கள். மிதவை அங்கி கட்டாயம்.

அழுகிய முட்டை நாற்றத்திற்கு ரப்பர் ஆலைகளில் தனிக்காரணம் ஒன்றுண்டு; என் கருத்தில் புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். ஷீட் அடிக்குமிடங்களில் பொதுவாக ஃபார்மிக் அமிலத்தால் பாலை உறையவைப்பார்கள். பாலைச் சுழற்றிச் செறிவாக்கும் சென்ட்ரிபியூஜ் ஆலைகளிலோ, பிரிந்து மிஞ்சும் ரப்பர் குறைந்த ஸ்கிம் பாலுக்குக் கந்தக அமிலம் சேர்ப்பதால் கழிவுநீரில் சல்பேட் மிகுந்து, ஆக்சிஜன் இல்லாத அடிமட்டத்தில் அது ஹைட்ரஜன் சல்பைடாக மாறுகிறது. பிஎச் 7-க்குக் கீழே இறங்க இறங்க அந்தச் சல்பைடில் பெரும்பங்கு வாயுவாகிக் காற்றில் கலக்கும். குளத்தில் இளஞ்சிவப்பு நிறம் படர்ந்தாலும் சல்பைடை நினைவில் கொள்ளுங்கள். அமிலநீர் மொத்தமாகக் குளத்தில் விழாதபடி சமன்படுத்தும் தொட்டியில் தேக்கி, நீரில் கரைத்த சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, பிஎச் 7 முதல் 8 வரை நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பாலில் சேர்த்த அம்மோனியா குளத்தில் நைட்ரேட்டாகும்போதும் காரத்தன்மை செலவாகிறது: 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு, கால்சியம் கார்பனேட் கணக்கில் சுமார் 7 கிராம். எனவே ஒருமுறை சரிசெய்த பிஎச் சில நாட்களில் மறுபடியும் இறங்கினால் வியப்பில்லை. தினமும் அளப்பதே முறை.

நம் கன்னியாகுமரி மாவட்டத்திற்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் கிடைப்பதால், முற்றத்து மழைநீர் குளத்தில் விழுந்தால் கழிவுநீர் தங்கும் காலம் ஆண்டில் இருமுறை குறைந்துவிடும். நீர் குறுக்குவழியில் ஓடுகிறதா என்றறிய, நுழையுமிடத்தில் சில ஆரஞ்சுப் பழங்களைப் போட்டு, அவை வெளிவாயிலை எட்டும் நேரத்தைக் குறியுங்கள். பெரும்பகுதி நீருக்குள் அமிழ்ந்தே மிதப்பதால் காற்று அவற்றை எளிதில் தள்ளாது. சில மணி நேரத்திலேயே வந்துவிட்டால் இடையில் தடுப்புத்திரை வேண்டும். மழைநீருக்குக் கரையை ஒட்டித் தனிவாய்க்காலை மே மாதத்திற்குள் வெட்டி முடித்துவிடுங்கள்.