பழைய இன்ஜினில் போர்ட் வேலை: ஹெட்டைக் கெடுக்கும் தவறுகள்

சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி மேசையில் வைத்ததும் முதலில் கண்ணில் படுவது, காற்றும் புகையும் போய்வரும் வழியான போர்ட்டின் வாய்தான். கையும் அங்கேதான் போகும். கேஸ்கட்டை (இணைப்பில் கசியாமலிருக்க வைக்கும் தகடு) வைத்துக் கோடு கிழித்து, அந்தக் கோடு வரை குடைந்துவிட்டால் காற்று தாராளமாகப் போகும் என்று தோன்றும். நல்ல ஹெட்டுகள் பல கெட்டது இப்படித்தான்.

காற்றுக்கும் எடை உண்டு. வேகமாக வரும் காற்று, பிஸ்டன் கீழே போய் மறுபடி ஏறத் தொடங்கிய பிறகும், தன் வேகத்திலேயே சிலிண்டருக்குள் நுழைந்துகொண்டிருக்கும். போர்ட்டை அகலமாக்கினால் அந்த வேகம் விழுந்துவிடும். குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை போய்விடும். கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் பெட்ரோல் துளிகள் சுவரில் படியும். கேஸ்கட்டின் ஓட்டை பெரும்பாலும் போர்ட்டைவிடப் பெரிதாகவே இருக்கும், அது அளவுகோல் அல்ல. ஹெட்டோடு சேரும் குழாயான மேனிஃபோல்டிலிருந்து வரும் காற்று போர்ட்டின் விளிம்பில் முட்டாமல் இருந்தால் போதும்.

உண்மையான ஆதாயம் வால்வு சீட்டை, அதாவது மூடும்போது வால்வு உட்காரும் வளையத்தை, ஒட்டிய பகுதியில் இருக்கிறது. சீட்டுக்குக் கீழே வார்ப்பின் சொரசொரப்பும், சீட் வெட்டிய கருவி விட்டுப்போன கூரான விளிம்பும் இருக்கும். அவற்றை மழுக்கிச் சீராக்கினாலே பாதி வேலை முடிந்தது. சீட்டுக்குக் கீழே போர்ட் குறுகும் கழுத்தின் விட்டம் வால்வு விட்டத்தில் 85 முதல் 90 சதவீதம் வரை இருக்கலாம், 35 மி.மீ. வால்வுக்கு 30, 31 மி.மீ. அதற்கு மேல் போனால் சீட்டுக்குத் தாங்கல் குறையும். சீட்டை 30, 45, 60 டிகிரி என மூன்று கோணத்தில் வெட்டும் வேலையை மெஷின் ஷாப்பிடம் விட்டுவிடுங்கள்.

அடுத்து, சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். போர்ட்டின் தரை வால்வை நோக்கி வளைந்து இறங்கும் இடம் தட்டுப்படும். காற்று திரும்ப மிகவும் சிரமப்படும் இடம் அதுதான். தரையைத் தாழ்த்தினால் திருப்பம் இன்னும் கூராகிவிடும், காற்று சுவரை விட்டுப் பிரிந்து சுழலத் தொடங்கும். எமரித் தாளால் வளைவை லேசாக மழுக்கிவிடுங்கள், அதோடு நிறுத்துங்கள். நான் அதிகம் கவலைப்படுவது இந்த இடத்தைப் பற்றித்தான், ஏனென்றால் போன உலோகம் திரும்பி வராது.

வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடைச் சுற்றியுள்ள மேட்டை முழுக்கச் சீவிவிடுவதும் வேண்டாம். கைடுக்குத் தாங்கலே அதுதான். பக்கங்களை மட்டும் ஒடுக்குங்கள்.

பழைய வார்ப்புகளில் சுவரின் தடிமன் ஒரே ஹெட்டுக்குள்ளேயே போர்ட்டுக்குப் போர்ட் மாறும். போதாக்குறைக்குப் பல வருடத் துரு குளிரூட்டும் தண்ணீர் ஓடும் வாட்டர் ஜாக்கெட் பக்கத்திலிருந்தும் அரித்திருக்கும். அதே மாடலில் உபயோகமற்ற ஹெட் ஒன்று கிடைத்தால் குறுக்கே அறுத்துப் பாருங்கள், எங்கே தண்ணீர் ஓடுகிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். விரிசல் சோதனையைக் குடைவதற்கு முன்பே செய்யுங்கள், முடிந்த பிறகும் ஒருமுறை செய்யுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து இரும்பு ஹெட் என்றால், கடினமான சீட் வளையங்கள் இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இன்றைய ஈயமில்லாத பெட்ரோலில், புகை வெளியேறும் பக்கத்து எக்ஸாஸ்ட் சீட் தேய்ந்து உள்ளே இறங்கும்.

காற்று உள்ளே வரும் இன்டேக் போர்ட்டைக் கண்ணாடி போலப் பளபளப்பாக்குவது பார்க்க அழகு, ஆனால் பெட்ரோல் வழியும். 60, 80 எண் எமரியோடு விட்டுவிடலாம். எக்ஸாஸ்டை வேண்டுமானால் வழவழப்பாக்குங்கள்.

நான் முதன்முதலில் செய்த ஹெட்டில், குடையும் கருவியின் சுழலும் முனையான பர் ஒரு நொடி துள்ளி சீட்டில் குறுக்கே ஒரு கீறல் போட்டது. நகத்தில் தட்டுப்படும் அளவுதான், ஆனாலும் சீட்டைத் திரும்ப வெட்ட வேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் எக்ஸாஸ்ட் சீட்டிலும் இன்டேக் சீட்டிலும் டேப் சுற்றிய பழைய வால்வைப் போட்டுவிட்டு, தேவைப்படும்போது மட்டும் எடுக்கிறேன்.

அப்புறம், கழுவுவது. எமரித் தூள் ஆயில் துளைகளில் ஒளிந்துகொண்டு, இன்ஜின் ஓடியதும் பேரிங்கைத் தின்னும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் வைத்து ஒவ்வொரு துளையாகத் தேய்த்து, காற்றடித்து, வெள்ளைத் துணியை உள்ளே விட்டு எடுங்கள். துணியில் சாம்பல் நிறம் ஒட்டினால் மறுபடி கழுவுங்கள்.