கஸ்டமர் சேர்விஸ் வேலை எப்படியிருக்கும்? உள்ளே போய்ப் பார்க்கத் திருகோணமலை மாணவருக்கு ஒரு வழி

கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் இறுதியாண்டு படிக்கும் தங்கச்சி ஒருத்தி போன கிழமை கேட்டாள்: "அண்ணா, கஸ்டமர் சேர்விஸ் எண்டா கவுண்டரில இருந்து சிரிக்கிறதுதானே?" நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது காப்புறுதிக் கிளையொன்றில் அதே வேலையில் இருக்கிறேன். சிரிக்க நேரம் கிடைப்பதில்லை. இரண்டு மணித்தியாலம் ஓர் அலுவலகத்துக்குள் இருந்து பார்த்தால் உங்களுக்கே விளங்கிவிடும். எப்படிப் போவது என்று சொல்கிறேன்.

படி 1: இடத்தைத் தெரிவுசெய்யுங்கள்

வங்கி, தொலைபேசி நிறுவனம், காப்புறுதி மூன்றும் எல்லாருக்கும் உடனே தோன்றும். தோன்றாத இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்கள். மற்றது தொழிற்சாலைகள். சீனக்குடாவில் பிறீமா மா ஆலை இருக்கிறது. மா மூட்டை நேரத்துக்கு வராவிட்டால் பேக்கரிக்காரர் யாரிடம் சத்தம் போடுவார்? அந்தக் கோலை எடுப்பவரும் வாடிக்கையாளர் சேவைதான். ஆனால் தொழிற்சாலைக்குள் நுழைவது கஷ்டம். முதல் முறைக்கு வங்கியோ காப்புறுதியோ போதும்.

படி 2: நாளைப் பார்த்துக் கேளுங்கள்

நான் படித்த காலத்தில் பதினொரு பேர் சேர்ந்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வங்கிக் கிளைக்குப் போனோம். அன்று மாதத்தின் 10ஆந் திகதி, ஓய்வூதிய நாள். வாசல்வரை கியூ. செக்கியூரிட்டி ஐயா எங்களை வெயிலில் நிறுத்திவைத்து, கடைசியில் "தம்பிமார், பிறகு வாங்கோ" என்று அனுப்பிவிட்டார். பிழை எங்களுடையதுதான்.

10, 25ஆந் திகதிகளையும், நீண்ட விடுமுறைக்கு அடுத்த நாளையும் தவிருங்கள். ஹோட்டலுக்கு மே முதல் செப்டெம்பர் வரை சீசன். ஏப்ரல் தொடக்கத்தில் அல்லது ஒக்டோபரில் கேட்டால் முகாமையாளருக்கு உங்களோடு பேச நேரமிருக்கும். எங்கே போனாலும் நான்கு பேருக்கு மேல் வேண்டாம்.

படி 3: கடிதம்

வளாகத்தின் தொழில் வழிகாட்டல் பிரிவில் கடிதத் தலைப்பில் ஒரு கடிதம் வாங்குங்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், வரும் நாள், எத்தனை மணித்தியாலம் என்பன இருக்கட்டும். அதை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தபின் இப்படியொரு மெசேஜ் போடலாம்:

"வணக்கம் சேர். திருகோணமலை வளாக மாணவர்கள் நான்கு பேர், வாடிக்கையாளர் சேவைப் பணியை நேரில் பார்க்க விரும்புகிறோம். உங்களுக்கு வசதியான ஒரு நாளில் இரண்டு மணித்தியாலம் போதும். ஃபோட்டோ எடுக்கமாட்டோம். கடிதத்தை அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம்."

ஃபோட்டோ பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். முகாமையாளர்மார் பயப்படுவதே அதற்குத்தான்.

படி 4: உள்ளே போனதும் வாயை மூடிக்கொண்டு பாருங்கள்

முதல் இருபது நிமிடம் கேள்வியே வேண்டாம். வாடிக்கையாளர் இருக்கும் பக்கம் ஒரு கதிரையில் இருந்து, ஒரேயொரு மேசையை மட்டும் கவனியுங்கள்.

ஒருநாள் எங்கள் கிளைக்கு மூதூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். இறந்துபோன கணவரின் காப்புறுதிப் பணம் சம்பந்தமாக. இறப்புச் சான்றிதழின் ஃபோட்டோ பிரதி மட்டுமே கையில். உறுதிப்படுத்திய பிரதி வேண்டும். தேவையான ஆவணங்களின் பட்டியலை அச்செடுத்து நீட்டியிருந்தாலே கடமை முடிந்திருக்கும். என் பக்கத்து மேசை அக்கா அதைச் செய்யவில்லை. ஒரு துண்டுக் கடதாசியில் பெரிய எழுத்தில், "மூதூர் பிரதேச செயலகம், காலமை போங்கோ, இதை மட்டும் கொண்டு வாங்கோ" என்று எழுதி, கீழே தன் நம்பரையும் போட்டுக் கொடுத்தார். அம்மா போனபின் ஃபைலில் அடுத்த கிழமைத் திகதியைக் குறித்துவைத்தார், தானே கோல் எடுத்துக் கேட்பதற்கு.

வாடிக்கையாளர் எழுந்து போனபின் நடக்கும் இந்த ஐந்து நிமிடத்தைத்தான் நீங்கள் பார்க்கவேண்டும். சிலர் அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார்கள். சிலர் எதையோ எழுதிவைப்பார்கள். எழுதுகிறவரின் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மொழியையும் கவனியுங்கள். இந்த ஊரில் ஒரே மேசைக்குப் பத்து நிமிடத்துக்குள் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் வரும். எங்களில் பலருக்குச் சிங்களம் "பொட்டக் இன்ன" (கொஞ்சம் இருங்கோ) என்பதோடு முடிந்துவிடுகிறது. அதற்குமேல் நான்கு வசனம் பேசத் தெரிந்தவருக்கு நேர்முகத் தேர்விலேயே மதிப்பு வேறு.

படி 5: கேட்கவேண்டியவை

சம்பளத்தைக் கடைசியில் கேளுங்கள். கேட்காமல் வரவும் வேண்டாம். அதற்கு முன்: நேற்று வந்ததில் கஷ்டமான ஆள் யார், என்ன செய்தீர்கள்? மாத இலக்கு உண்டா? எட்டாவிட்டால் என்ன நடக்கும்? இலக்கு என்றதும் பேச்சை மாற்றினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். சேவை என்ற பெயரில் விற்பனை வேலை கொடுக்கும் இடங்களும் இருக்கின்றன.

படி 6: அன்றிரவே

பார்த்ததை ஒரு பக்கம் எழுதுங்கள், மறுநாள் பாதி மறந்துபோகும். அந்த முகாமையாளருக்கு நன்றி மெசேஜ் அனுப்பும்போது வெறும் நன்றியோடு நிறுத்தாமல், அங்கே கண்ட ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள். "அந்த அக்கா துண்டில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்தோம் சேர்" என்றால், பயிற்சிக்கு ஆள் எடுக்கும்போது நீங்கள் யாரென்று அவருக்கு ஞாபகம் வரும்.