எல்பிஏ படிவத்தின் பத்தாம் பகுதி: எங்கள் ஆட்கள் சறுக்கும் இடங்கள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெற்றோருக்காக எல்பிஏ, அதாவது லாஸ்டிங் பவர் ஒஃப் அற்றோர்னி (தன் சார்பில் முடிவெடுக்க இன்னொருவரை நியமிக்கும் பத்திரம்) எடுக்கும் பலர், பத்தாம் பகுதியை இன்னொரு சாட்சிக் கையெழுத்து என்று நினைத்துவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்றபடியே போட்டுக் கொடுக்கிறார். பத்திரம் என்னவென்று அம்மாவுக்கு விளங்குகிறதா, யாரும் நெருக்குகிறார்களா, ஏமாற்றுகிறார்களா என்று கதைத்துப் பார்த்து, தானே ஒரு முடிவுக்கு வந்த பிறகே சான்றளிப்பவர் அதில் கையெழுத்திட வேண்டும். 2023இல் ஒரு வழக்கில் கோர்ட் ஒஃப் புரொடெக்ஷனும் (தாமாக முடிவெடுக்க இயலாதவர்களின் விஷயங்களைப் பார்க்கும் நீதிமன்றம்) இதையே சொன்னது.

குடும்பத்தினர் சான்றளிக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அற்றோர்னியின், அதாவது முடிவெடுக்க நியமிக்கப்படுபவரின் குடும்பமும் அதில் சேர்த்தி என்பதுதான் தெரிவதில்லை. மகன் அற்றோர்னி என்றால் சம்பந்திக்கும் இடமில்லை. அவர் மகனுக்கு மாமனார் அல்லவா! வாய்நிறைய ‘மாமா’ என்று கூப்பிடும், உறவில்லாத குடும்ப நண்பர் போடலாம். 18 வயது நிரம்பி, அம்மாவோடு 2 வருடமாவது நன்கு பழகியிருக்க வேண்டும். அம்மாவின் அல்லது அற்றோர்னியின் கடையில் சம்பளம் வாங்குபவர், அவர்களின் வியாபாரப் பங்காளி, அம்மா இருக்கும் கெயார் ஹோம் ஊழியர் ஆகாது. ஜிபி (குடும்ப வைத்தியர்), சொலிசிட்டர் (சட்டத்தரணி) போன்றவர்களுக்கு 2 வருடக் கணக்கு இல்லை, கட்டணம் உண்டு.

எனக்குப் பெரிய பயம் மொழியில்தான். சொலிசிட்டர் ஆங்கிலத்தில் கேட்கிறார், மகள் தமிழில் சொல்கிறார், அம்மா “ஓம் ஓம், பிள்ளை சொல்றது சரி” என்கிறார். அந்த மகளே அற்றோர்னி! தமிழ் கதைக்கும் சான்றளிப்பவரையோ வெளி மொழிபெயர்ப்பாளரையோ பிடியுங்கள். பிள்ளைகள் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போகட்டும். “விளங்குதோ அம்மா?” என்றால் யாரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். “உங்கட பாங்க் காசை ஆர் பாக்கப் போகினம்? ஏன் அவரைத் தெரிஞ்சனீங்கள்? பிறகு வேண்டாமெண்டா என்ன செய்வியள்?” என்று கேட்டால் விஷயம் வெளியே வரும்.

திகதியிலும் கவனம். 9ஆம் பகுதியில் அம்மா, பிறகு 10இல் சான்றளிப்பவர், அதன் பின்பே 11இல் அற்றோர்னிகள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்திருக்கிறோமே என்று பிள்ளைகள் முந்திப் போட்டால், எல்பிஏவைப் பதிவு செய்யும் பப்ளிக் கார்டியன் அலுவலகத்திலிருந்து படிவம் திரும்பி வரும். அதற்குள் அம்மாவுக்கு விளங்கும் நிலை போய்விட்டால் புதிதாக எழுத வழியில்லை. டெப்யூட்டியாக, அதாவது அம்மாவுக்காக முடிவெடுக்கக் கோர்ட் அமர்த்துபவராக, நியமிக்கும்படி கோர்ட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.