மூணாறு: காணாமல் போன ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஏரி தாண்டி டாப் ஸ்டேஷன் போவது எப்படி

மூணாறு போகிறேன் என்று சொன்னால் எல்லோரும் கொடுக்கும் பட்டியல் ஒன்றுதான். ராஜமலை, மாட்டுப்பட்டி, எக்கோ பாயின்ட், ஒரு சாக்லேட் கடை, ஒரு டீத்தூள் கடை. அந்தப் பட்டியலோடு போனால் வண்டி நெரிசல்தான் மனதில் நிற்கும், ஊர் நிற்காது. நான் சொல்வது வேறு ஒரு வழி. 1902-இலிருந்து 1924 வரைக்கும் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலை ஏற்றிப்போக ஒரு ரயில் பாதை இருந்தது. அது போன குண்டளைப் பள்ளத்தாக்கிலேயே இன்றைய தார்ச்சாலையும் போகிறது. அந்த ஒரு சாலையைப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் போனீர்கள் என்றால் வெள்ளைக்காரர்கள் கட்டிய பழைய ஊர், இரண்டு ஏரி, தேயிலைத் தோட்டங்கள், கடைசியில் தமிழ்நாட்டு எல்லை என்று எல்லாம் வரிசையாக வந்துவிடும். ஒரு முழு நாள் போதும், ஆனால் முந்தின நாள் சாயங்காலமே மூணாறு போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

முதலில் மலை ஏறுவது. தமிழ்நாட்டிலிருந்து இரண்டு வழி. கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கத்து ஆட்கள் உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழியாக வரலாம். அது காட்டுக்குள் போகிற சாலை, இராத்திரியில் விடமாட்டார்கள், அதனால் மதியத்துக்குள் சோதனைச் சாவடியைத் தாண்டிவிடுகிற மாதிரி கிளம்புங்கள். மறையூரில் நின்று வெல்லம் வாங்குங்கள், அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. மதுரை, தேனி, திண்டுக்கல் ஆட்களுக்கு எங்கள் போடிதான் வாசல். 2023 ஜூன் முதல் போடிக்கு மறுபடியும் ரயில் வருகிறது, அகலப் பாதை ஆக்குவதற்காக 2010-இல் நிறுத்தியதை அத்தனை வருடம் கழித்துத்தான் திறந்தார்கள். மதுரையிலிருந்து தினமும் வண்டி உண்டு, சென்னையிலிருந்து வாரத்தில் சில நாள் உண்டு. போடியில் இறங்கி மூணாறு பஸ் பிடித்தால் போடிமெட்டு, பூப்பாறை, தேவிகுளம் வழியாகப் போகும். தூரம் எழுபது கிலோமீட்டருக்குள்தான், ஆனால் மலைச்சாலை என்பதால் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்த வண்டியில் வருகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். போடிமெட்டு மலையில் விடிகாலையில் ஜீப்புகள் வரிசையாக ஏறும். போடி, தேவாரம் பக்கத்துப் பெண்கள் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற ஜீப்புகள் அவை. நேரத்துக்குத் தோட்டம் போய்ச் சேர்ந்தால்தான் அன்றைக்குக் கூலி. பின்னால் ஜீப் வந்தால் ஓரம் கட்டி வழி விடுங்கள், கொண்டை ஊசி வளைவில் போட்டோ எடுக்க வண்டியை நிறுத்தாதீர்கள், சாயங்காலம் அதே ஜீப்புகள் இறங்கும்போதும் அப்படித்தான். பூப்பாறை தாண்டினதும் கீழே ஆனையிறங்கல் நீர்த்தேக்கம் தெரியும். யானை நடமாட்டம் நிறைய உள்ள இடம், பார்த்துவிட்டுக் கிளம்பிக்கொண்டே இருங்கள். அதற்கப்புறம் லாக்காடு கேப், மேகம் சாலைமேல் வந்து உட்காரும் இடம். பலத்த மழை நாளில் அங்கே மண் சரியும், அடைத்தும் வைப்பார்கள், அதனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வருகிறவர்கள் கிளம்பும் அன்று காலையில் சாலை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே ஏறுங்கள். என்னைக் கேட்டால் செப்டம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் நல்ல காலம். டிசம்பர், ஜனவரியில் சில எஸ்டேட்டுகளில் புல்மேல் உறைபனி படியும், ஸ்வெட்டர் இல்லாமல் வந்துவிட்டு நடுங்காதீர்கள். சனி, ஞாயிறும் ஓணம், கிறிஸ்துமஸ், பொங்கல் விடுமுறையும் வேண்டவே வேண்டாம்.

சரி, ஊருக்கு வந்துவிட்டோம். பெரும்பாலானவர்கள் இதைத் தூங்குகிற இடமாக மட்டும் வைத்துக்கொள்கிறார்கள், எனக்கு அதுதான் வருத்தம். மூன்று ஆறு கூடுகிற பள்ளத்தில் இருக்கிற ஊர் இது. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சாறு ராஜாவிடம் இந்த மலையைக் குத்தகைக்கு வாங்கினார். 1880-இல் ஏ.எச். ஷார்ப் என்பவர் பார்வதி எஸ்டேட்டில் முதல் தேயிலையை நட்டார். 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி வந்தது. இதெல்லாம் புத்தகங்களில் இருக்கும். காட்டை வெட்டி, கல்லைப் பெயர்த்து, செடி நட்டது திருநெல்வேலி, கோவில்பட்டி, இராஜபாளையம் பக்கங்களிலிருந்து ஆள் சேர்க்கும் கங்காணிகள் கூட்டி வந்த தமிழ் ஜனங்கள். அவர்களுடைய பேரன் பேத்திகள்தான் இன்றைக்கும் லயங்கள் என்கிற தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருக்கிறார்கள், கடைத்தெருவில் நீங்கள் தமிழிலேயே பேசலாம், எந்தச் சங்கடமும் இல்லை. 1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளம், பீர்மேடு இரண்டையும் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று பெரிய கோரிக்கை இருந்தது, கேரளத்தோடுதான் போயிற்று. 2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கேட்டுக் கொழுந்து எடுக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இந்த ஊர்ச் சாலையில்தான் உட்கார்ந்தார்கள். பொம்பிளை ஒருமை என்று பெயர் வைத்துக்கொண்டு, கட்சித் தலைவர்களைப் பக்கத்தில் விடாமல், போனஸை வாங்கியும் காட்டினார்கள். அந்தச் சாலையில் நடக்கிறபோது இது தெரிந்திருக்க வேண்டும்.

காலையில் முதல் வேலை சி.எஸ்.ஐ. கிறைஸ்ட் சர்ச். கருங்கல்லில் கட்டியது, 1910-இல் அடிக்கல், அடுத்த வருடம் திறப்பு. உள்ளே சுவரில் தோட்டத் துரைமார்களின் பெயர் பொறித்த பலகைகள் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள். அப்புறம் பின்னால் மேட்டில் இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்கு ஏறுங்கள். இங்கே கல்லறைதான் முதலில் வந்தது, கோயில் பிறகுதான். 1894-இல் எலினார் இசபெல்லா மே என்ற இளம்பெண், தோட்ட மேலாளர் ஹென்றி நைட்டின் மனைவி, மலைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே காலராவில் இறந்துபோனார், அவரைப் புதைத்ததிலிருந்துதான் அந்த மேடு கல்லறை ஆயிற்று. பூட்டியிருந்தால் சர்ச்சில் கேளுங்கள், சத்தம் போடாமல் போய் வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தில் கேமராவோடு நுழைய வேண்டாம்.

அங்கிருந்து இறங்கினால் ரயில் கதை தொடங்குகிறது. 1902-இல் போட்டது ஒற்றைத் தண்டவாளம், மாடு இழுக்கும் வண்டி. 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்துக்குக் குறுகிய பாதை போட்டு, சின்ன இன்ஜின் விட்டார்கள். அந்த மூணாறு ஸ்டேஷன் கட்டடம் இன்றைக்குத் தேயிலைக் கம்பெனியின் அலுவலகம். வெளியில் நின்று பார்க்கலாம், உள்ளே ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். 1924 ஜூலையில் வந்த வெள்ளத்தை மலையாளிகள் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் என்பார்கள், கொல்லம் ஆண்டு 1099. மலைச்சரிவும் மரங்களும் சேர்ந்து அடித்து வந்ததில் ரயில் பாதை மொத்தமாகப் போய்விட்டது, மறுபடி கட்டவே இல்லை. அதற்கு அப்புறம்தான் மேற்கே கொச்சிப் பக்கம் புதுச் சாலை, 1935-இல் நேரியமங்கலம் பாலம் எல்லாம் வந்தது. அதுவரைக்கும் இந்த மலைத் தேயிலை போடிப் பக்கமாகத்தான் கீழே இறங்கியது.

ரயிலின் மிச்சத்தைக் கண்ணால் பார்க்க நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். டவுனிலிருந்து ஆட்டோவில் பக்கம், திங்கட்கிழமை விடுமுறை. குண்டளை ரயிலின் ஒரு இன்ஜின் சக்கரம் அங்கே இருக்கிறது. 1905-ஆம் வருடத்துத் தேயிலை ரோலர் ஒன்றும், 1913-இல் நம்ம நாசரேத் தொழிற்பள்ளியில் செய்த சூரியக் கடிகாரம் ஒன்றும் உண்டு. நாசரேத்துக்காரர்கள் யாராவது போனால் அந்தக் கடிகாரத்தைத் தவறவிடாதீர்கள். ஆனால் டாப் ஸ்டேஷன் போகிற நாளில் காலை நேரத்தை இங்கே செலவழிக்காதீர்கள், முந்தின நாள் மதியத்துக்குள் வந்துவிட்டால் இதை அன்றைக்கே முடித்துக்கொள்ளலாம்.

இப்போது சாலை. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் சுமார் 32 கிலோமீட்டர். சர்ச்சை முடித்துக்கொண்டு எட்டு மணிக்குள் கிளம்பிவிட்டால் சாலை உங்களுடையது. பத்து மணிக்கு மேல் டூரிஸ்ட் வேன்களுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டுதான் போக வேண்டும். வண்டி இல்லாதவர்களுக்கு வட்டவடை, கோவிலூர் போகிற பஸ் இருக்கிறது, எல்லப்பட்டி வழியாகப் போகும், ஜன்னல் ஓரம் கிடைத்தால் ஜீப்பைவிட அதுவே நல்லது. ஜீப் எடுத்தால் கிளம்பும் முன்பே, எந்தெந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரிந்த கடைகளில்தான் வண்டி நிற்கும்.

மாட்டுப்பட்டி ஏரி பதின்மூன்றாவது கிலோமீட்டர் வாக்கில். மேலே போகப் போகக் குண்டளை ஏரி. ரயில் ஓடிய காலத்தில் இந்த ஏரி இரண்டுமே கிடையாது! பள்ளத்தாக்கில் ஆறு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிவாசல் என்ற ஊரில் 1940-இல் கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் வந்தது, அதற்குத் தண்ணீர் சேர்க்கக் குண்டளை அணையை 1946-இலும் மாட்டுப்பட்டி அணையை 1950-களிலும் கட்டினார்கள். குண்டளை அணைக்குத் திருவிதாங்கூர் மகாராணி சேது பார்வதி பாய் பெயர். இதைத் தெரிந்துகொண்டு கரையில் நின்றால் ஏரியைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். படகு ஏற வேண்டுமென்றால் என் யோசனை: மாட்டுப்பட்டியில் வேண்டாம், ஸ்பீடு போட் சத்தமும் கூட்டமும் தாங்காது, அங்கே அணைமேல் நின்று எதிர்க்கரைப் புல்வெளியைப் பாருங்கள், காலையில் பல நாள் யானைக்கூட்டம் தண்ணீருக்கு இறங்கும். அந்தப் புல்வெளியெல்லாம் 1963-இல் சுவிட்சர்லாந்து உதவியோடு தொடங்கிய மாட்டுப்பண்ணையைச் சேர்ந்தவை. படகைக் குண்டளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், மிதிப்படகில் சாவகாசமாகச் சுற்றலாம். நடுவில் எக்கோ பாயின்ட் வரும், நிற்காமல் போகலாம், நீங்கள் கத்துவதற்கு முன்னால் நூறு பேர் கத்திக்கொண்டிருப்பார்கள்.

வழியில் யானை சாலையில் நின்றால் ஹாரன் அடிக்காதீர்கள், இறங்காதீர்கள், செல்போனை நீட்டிக்கொண்டு பக்கத்தில் போகவே போகாதீர்கள், தூரத்திலேயே நிறுத்தி அது போகும்வரை காத்திருங்கள். தேயிலைக்குள் இறங்கி நடப்பதும் கூடாது, அது தோட்டம், மருந்து அடித்த செடி, காவல் ஆட்களும் இருப்பார்கள். கொழுந்து எடுக்கிறவர்களைப் படம் எடுக்க நினைத்தால், “அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கிலோ கணக்கில்தான் அவர்களுக்கு நாள் ஓடுகிறது, நிறுத்தி வைத்துப் பேட்டி எடுக்காதீர்கள்.

டாப் ஸ்டேஷனில் ரயில் முடிந்தது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகளைக் கம்பிவடத்தில் தொங்கவிட்டுக் கீழே கொட்டக்குடிக்கு இறக்கி, மாட்டுவண்டியில் போடிக்குக் கொண்டுவந்தார்கள். காட்சிமுனை இருப்பது தேனி மாவட்டத்தில், நீங்கள் கேரளச் சாலையில் வந்து தமிழ்நாட்டில் நின்று தமிழ்நாட்டையே குனிந்து பார்ப்பீர்கள். பதினோரு மணிக்கு மேல் மேகம் மூடிவிடும் நாட்கள் அதிகம், காலையில் கிளம்பச் சொன்னது இதற்காகவும்தான். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு நடைபாதை இருக்கிறது, வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கவும் ஏறவும் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணி மலைக் காட்டுத்தீயில் நடைபயணம் வந்த பிள்ளைகள் எத்தனை பேர் போனார்கள் என்பது எங்கள் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. இன்னொன்று, இங்கிருந்து கொடைக்கானலுக்குப் பழைய சாலை ஒன்று வரைபடத்தில் தெரியும். அது காட்டுக்குள் மூடிய பாதை, வண்டிக்கு வழி கிடையாது.

நேரம் இருந்தால் பாம்பாடும்சோலைக் காடு வழியாக வட்டவடை வரை போய் வாருங்கள். படிப்படியாகக் காய்கறி வயல், தமிழ் பேசும் விவசாயிகள், புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு. சாலையோரம் விற்கிறவர்களிடமே பூண்டு வாங்குங்கள், பேரம் பேசிக் குறைக்காதீர்கள்.

ராஜமலை வேண்டும் என்றால் மறுநாள் காலைக்குத் தள்ளுங்கள், இரவிகுளம் பூங்காவுக்கு இணையத்திலேயே சீட்டு எடுத்துவிடுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் வரையாடு குட்டி போடுகிற காலம் என்று மூடிவிடுவார்கள், குறிஞ்சி பூப்பது அடுத்து 2030-இல்தான். அந்த மலைக்குப் பின்னால் பெட்டிமுடி இருக்கிறது, 2020 ஆகஸ்ட் 6 இரவு லயங்கள்மேல் மலை சரிந்து 70 பேர் இறந்தார்கள், கயத்தாறு பக்கத்துக் குடும்பங்கள் அதில் நிறைய. இடத்தைக் காட்டச் சொல்லி ஜீப்காரர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

வட்டவடையிலிருந்து திரும்புகிறவர்கள் நான்கு மணிக்குள் கிளம்பி இருட்டுவதற்குள் டவுனுக்கு வந்துவிடுங்கள், மாட்டுப்பட்டிச் சாலையில் சாயங்காலம் யானையும் மூடுபனியும் சேர்ந்தே வரும். போடிக்கு அன்றைக்கே இறங்க வேண்டியவர்கள் வட்டவடையை விட்டுவிட்டு டாப் ஸ்டேஷனோடு திரும்புங்கள், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே மூணாறு பஸ் ஸ்டாண்டில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.