ஆன்லைன் கிளாஸ்ல பிள்ளை பக்கத்துல உக்காந்து நாம பண்ற தப்புகள்

மாடி வீட்டு பொண்ணு மூணாங்கிளாஸ் பையன ஆன்லைன் அபாகஸ் (மணிச்சட்டக் கணக்கு) கிளாஸ்ல சேத்துவிட்டிருக்கா. நேத்து போனப்போ பாத்தேன், கேமராவுல தெரியாம ஒதுங்கி உக்காந்து, விரல மடக்கி நீட்டி விடைய காட்டிட்டிருந்தா. 2020ல கொரோனா நேரத்துல நான் பண்ணதேதான், மனசு கேக்கல, எழுதுறேன். கண்ணு வலி, டேட்டா தீர்றது எல்லாம் எல்லாருக்கும் தெரியும், அத விட்டுடுறேன்.

எடுத்துக் குடுக்குறது

என் மக அப்போ ஒண்ணாங்கிளாஸ். மிஸ் கேள்வி கேட்டா நான் போனுக்குப் பின்னாடி நின்னு வாய அசைப்பேன், அவ அப்படியே சொல்லுவா. மத்த பிள்ளைங்களோட அம்மா அப்பாவும் பாக்குறாங்களே, நம்ம பிள்ள முழிச்சா என்ன நெனைப்பாங்கன்னு எனக்கு ஒரே பதட்டம், அவ தப்பா சொன்னா கண்ண உருட்டுவேன், ஒரு தடவ கிள்ளியும் இருக்கேன். கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் இப்படியே ஓடுச்சு. 2021 நவம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டுல ஒண்ணுலருந்து எட்டு வரைக்கும் ஸ்கூல் தொறந்தாங்க. ரெண்டே வாரத்துல மிஸ் கூப்பிட்டாங்க. பதில் தெரிஞ்சாலும் வாசப்பக்கமே பாக்குறாளாம், ஒவ்வொரு வார்த்தை எழுதிட்டும் நிமிந்து "சரியா மிஸ்?"னு கேக்குறாளாம். அவ யாரத் தேடுறான்னு எனக்குத் தெரியும். பிள்ள தப்பா சொன்னாத்தானே எது புரியலன்னு டீச்சருக்குத் தெரியும், அந்த வழிய நானே அடைச்சு வெச்சிருந்தேன். அப்புறம் ஹோம்வொர்க்க தப்போடயே அனுப்ப ஆரம்பிச்சேன், அவ என் மூஞ்சிய பாக்காம எழுத ஒரு வருஷம் ஆச்சு. இன்னைக்கும் நெனச்சா என் மேலயே கோவம் வருது.

மைக் ஆன்ல இருக்கும்போது திட்டுறது

கூடவே கூடாது. மியூட்லயும்தான்.

ஒரே போனை பையனுக்கு மட்டும் குடுக்குறது

சொந்தக்காரங்க வீட்ல பையன் கையில போன், பொண்ணுக்கு கல்வித் தொலைக்காட்சி. டிவியில பாடம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா புரியலன்னா அவ யார்கிட்ட போய் கேப்பா? அந்தப் பொண்ணு இன்னும் அத மறக்கல.

கிளாஸ் மேல கிளாஸ்

2020 ஜூலையில மத்திய அரசு குடுத்த வழிகாட்டுதல்லயே ஒண்ணுலருந்து எட்டாங்கிளாஸ் வரைக்கும் ஒரு நாளைக்கு ரெண்டு கிளாஸுக்கு மேல வேணாம், ஒவ்வொண்ணும் 30லருந்து 45 நிமிஷம்னுதான் இருந்துச்சு. இப்போ ஸ்கூல் முடிச்சு வந்த பிள்ளைக்கு அபாகஸ், கோடிங், ஹிந்தின்னு வரிசையா போடுறோம், அது வெளையாடுறது எப்போ, அப்பா கூட பேசுறது எப்போ?

மாடி வீட்டு பொண்ண இன்னைக்கு சாயங்காலம் கிளாஸ் நேரத்துல டீ குடிக்க கீழ வரச் சொல்லியிருக்கேன். பையன் கூட அவன் பாட்டி இருக்காங்க, அவங்களுக்கு அபாகஸ் தெரியாது.