கோர்ஸ்மேட் இறந்துட்டா அவனை எழுதி வைக்கிறது எப்படி

மிலிட்டரி அகாடமில ஒரே கோர்ஸ்ல, அதாவது ஒரே பேட்ச்ல கூட இருந்தவன், அப்புறம் ஆயுசு பூரா கூடவே வந்த நண்பன், அவன் போயிட்டான்னு போன் வந்தா அடுத்த ரெண்டு நாள்ல யாராவது உங்ககிட்ட "நீதான் எழுதணும், நீதான் பேசணும்"னு சொல்லுவாங்க. எழுத உக்காந்தா கை ஓடாது. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க. அவன் மனைவிக்கு புருஷனா தெரியும், பிள்ளைங்களுக்கு அப்பாவா தெரியும், கூட வேலை பார்த்தவங்களுக்கு ஆபிசரா தெரியும், ஆனா மொட்டை அடிச்ச மாதிரி முடி வெட்டிக்கிட்டு, தூக்கமில்லாம, வீட்டு நினைப்புல ராத்திரி அழுத அந்த பதினெட்டு வயசுப் பையனை அவங்க யாரும் பார்த்ததே இல்ல. அவன் உங்க கோர்ஸ்கிட்ட மட்டும்தான் இருக்கான். அவனை எடுத்து அந்த குடும்பத்துக்கிட்ட குடுக்கிறதுதான் உங்க வேலை. ரேங்க், போஸ்டிங், மெடல் எல்லாம் ரெக்கார்டுலயே இருக்கும்.

முதல் நாள் எழுதவே வேண்டாம். குடும்பம் சொல்றதுக்கு முன்னாடி குரூப்ல போடாதீங்க, வெளியூர்ல இருக்கிற பொண்ணு வாட்ஸப்ல பார்த்து அப்பா செத்ததை தெரிஞ்சுக்கிற கொடுமை நிஜமாவே நடக்குது. கோர்ஸ்ல இருந்து ஒரே ஒருத்தர் மட்டும் வீட்டோட பேசட்டும், மத்தவங்க அவர் மூலமா கேளுங்க. ஐம்பது பேர் தனித்தனியா போன் பண்ணி "எப்படி ஆச்சு"ன்னு கேட்டா அந்தம்மா ஐம்பது தடவை அதையே திரும்ப சொல்லணும்.

அடுத்தது நினைவுகளை சேர்க்கிறது, இதுக்குத்தான் நிறைய நேரம் குடுக்கணும். "அவனைப் பத்தி ஏதாவது சொல்லுடா"ன்னு கேட்டா எல்லாரும் நல்லவன், தங்கமானவன், தைரியசாலின்னுதான் சொல்லுவாங்க, தப்பில்ல, ஆனா அதுல அவன் முகம் தெரியாது. கேள்வியை சின்னதா கேளுங்க. அவன் கட்டில் எந்தப் பக்கம் இருந்துச்சு? காலைல முதல்ல எழுந்தது யாரு, யாரை யாரு எழுப்பினது? எந்த டெஸ்ட்ல திணறினான், நீச்சலா, குதிரையா, மேப் ரீடிங்கா? வீட்டுல இருந்து லெட்டர் வந்தா என்ன பண்ணுவான்? பாஸிங் அவுட்டுக்கு, அதாவது பயிற்சி முடிஞ்சு வெளியே போற அணிவகுப்புக்கு முந்தின ராத்திரி என்ன பேசினான்? ரூம்மேட்கிட்டயும், அவனோட சீனியர், ஜூனியர்கிட்டயும் கேளுங்க, ஜூனியருக்கு தெரிஞ்சது உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. எழுதிக் குடுன்னு கேட்டா பாதிப் பேர் தரமாட்டாங்க, வாய்ஸ் நோட் அனுப்பச் சொல்லுங்க, வயசானவங்களா இருந்தா நீங்களே போன் பண்ணி அனுமதி கேட்டு ரெக்கார்டு பண்ணுங்க. இதைத் தள்ளிப்போட வேண்டாம், கோர்ஸ்ல எல்லாருக்கும் ஒரே வயசு.

போட்டோ வந்தா ஒவ்வொண்ணுலயும் இடமிருந்து வலம் யார் யார், எந்த டெர்ம், எங்க எடுத்ததுன்னு அப்பவே குறிச்சுடுங்க, போட்டோக்குப் பின்னாடி எழுதுறதா இருந்தா மெல்லிசா பென்சில்ல எழுதுங்க, பால்பாயின்ட் பேனா அழுத்தினா முன்பக்கம் தடம் விழும். பழைய சின்ன போட்டோவை போன்ல படம் பிடிக்கிறதை விட 600 டிபிஐல (ஸ்கேனர்ல வைக்கிற தெளிவு அளவு) ஸ்கேன் பண்றது எவ்வளவோ மேல், குரூப் போட்டோல பட்டாணி சைஸ்ல இருக்கிற முகத்தையும் பெருசாக்கிப் பார்க்கலாம்.

தேதி, யூனிட் பேரு, மெடல் இதையெல்லாம் நினைவுல இருந்து எழுதாதீங்க, வீட்டுல இருக்கிற சர்வீஸ் பேப்பரை வச்சு ஒவ்வொண்ணா சரிபாருங்க, வாங்காத மெடலை அன்புல சேர்த்துட்டா அது அவனுக்குத்தான் அவமானம். அந்த பேப்பரை எல்லாம் காப்பி எடுத்து வைக்கவும் சொல்லுங்க. அமெரிக்காவுல 1973 ஜூலைல செயின்ட் லூயிஸ் ரெக்கார்டு சென்டர்ல தீ பிடிச்சு, 1.6 கோடியில இருந்து 1.8 கோடி ராணுவ, விமானப்படை ஃபைல் போயிடுச்சு, இத்தனை வருஷம் கழிச்சும் நிறைய குடும்பங்களுக்கு வீட்டுப் பெட்டில இருந்த காகிதம்தான் ஆதாரம்.

இப்ப எழுதுறது. "அவன் யாருக்கும் உதவி செய்யத் தயங்காதவன்"னு எழுதினா படிக்கிறவங்க தாண்டிப் போயிடுவாங்க. இப்படி எழுதிப் பாருங்க: "ரூட் மார்ச்ல கடைசி அஞ்சு கிலோமீட்டர், என் குதிகால் கொப்புளம் உடைஞ்சு பூட்டுக்குள்ள ரத்தம், அவன் ஒண்ணும் பேசாம என் ரைஃபிளை வாங்கி தன் தோள்ல மாட்டிக்கிட்டான், செக்பாயின்ட் கண்ணுக்குத் தெரிஞ்சதும் திருப்பிக் குடுத்துட்டு முன்னாடி போயிட்டான், இன்ஸ்ட்ரக்டர் பார்த்தா தண்டனை எனக்குத்தான்னு அவனுக்குத் தெரியும்." இதுக்கு அப்புறம் நல்லவன்னு தனியா சொல்லவே வேண்டாம். இப்படி ரெண்டு சம்பவம் போதும், மூணாவது அகாடமிக்கு வெளியே நடந்ததா இருக்கட்டும், அந்தப் பையன் அறுபது வயசுலயும் அப்படியேதான் இருந்தான்னு காட்டுறதா இருந்தா ரொம்ப நல்லது. அவன் கோவக்காரன்னா கோவக்காரன்னே எழுதுங்க, பிள்ளைங்களுக்கு அது தெரியாததா என்ன, ஒரேயடியா துடைச்சு வச்சா அது வேற யாரோ ஆயிடும்.

சிலதை விட்டுடணும். எப்படி செத்தான்னு எழுதுறதா வேண்டாமாங்கிறது குடும்பத்தோட முடிவு, உங்களது இல்ல. அசிங்கமான பட்டப்பேரு, ராகிங் கதை, ஆபரேஷன் விவரம் எல்லாம் வேண்டாம். சர்வீஸ் நம்பர், பிறந்த தேதி, வீட்டு அட்ரஸ் மூணையும் வெளியே போடவே கூடாது, செத்தவங்க பேர்ல மோசடி பண்றவன் அதைத்தான் தேடுறான். எழுதி முடிச்சதும் முதல்ல வீட்டுல ஒருத்தர் படிக்கட்டும், அப்புறம்தான் மத்தவங்களுக்கு.

மேடையில பேசணும்னா ஒரே பக்கம், பெரிய எழுத்துல பிரின்ட், மூணு நாலு நிமிஷத்துக்குள்ள. வீட்டுல ரெண்டு தடவை சத்தமா படிங்க, எந்த வரில தொண்டை அடைக்குதுன்னு தெரியும், அந்த வரிக்கு முன்னாடி நிறுத்தி மூச்சு விட இடம் விட்டுக்கோங்க. இன்னொரு காப்பி முன்வரிசைல இருக்கிற கோர்ஸ்மேட் கைல இருக்கட்டும், முடியலன்னா அவன் வந்து மீதியைப் படிப்பான், அதுல ஒரு வெக்கமும் இல்ல.

சடங்கு எதுவும் தோணலன்னா ராணுவத்துலயே இருக்கிறதை எடுத்துக்கலாம். அமெரிக்க ராணுவத்துல கடைசி ரோல் கால்னு ஒண்ணு உண்டு, இருக்கிறவங்க பேரைக் கூப்பிட்டா பதில் வரும், இறந்தவர் பேரை மூணு தடவை கூப்பிடுவாங்க, பதில் வராது. எனக்குத் தெரிஞ்சு இதைவிட மனசைப் பிடிக்கிற அஞ்சலி இல்ல, செலவும் கிடையாது, அடுத்த ரீயூனியன்லயே பண்ணலாம். ஆனா பிள்ளைங்க முன்னாடி பண்றதா இருந்தா என்ன நடக்கப்போகுதுன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க, தாங்கமாட்டாங்க. கிளாஸ் ரிங் (பேட்ச் பேர்ல போடுற மோதிரம்) இருந்தா அது யாருக்குன்னு குடும்பம் நிதானமா முடிவு பண்ணட்டும். அமெரிக்காவோட ராணுவ அகாடமியான வெஸ்ட் பாயின்ட்ல, அங்க படிச்சு இறந்தவங்களோட ரிங்கை வீட்டார் குடுத்தா அதை உருக்கி புது கேடட்டுங்க ரிங்ல சேர்க்கிற வழக்கம் இருக்கு. புனே பக்கத்துல கடக்வாஸ்லாவுல இருக்கிற என்டிஏல (தேசிய பாதுகாப்பு அகாடமி) கேடட்டுங்களே கட்டின நினைவுக் குடில் இருக்கு, அது பணியில உயிர் குடுத்தவங்களுக்கு. ரிடையர் ஆகி வீட்டுல படுக்கையில செத்தவனுக்கு அந்த மாதிரி சுவர்ல பேரு வராது, நீங்க எழுதுற ஒரு பக்கம்தான் அவனுக்கு.

ஒரு மாசம் ஆனதும் அந்த வீட்டுக்கு போன் வர்றது நின்னு போகும், அப்பதான் நீங்க கூப்பிடணும். பென்ஷன், மெடிக்கல் கார்டு, பேங்க் நாமினி இதுல எங்கயாவது மாட்டி நிக்கிறாங்களான்னு நேரா கேளுங்க, கோர்ஸ்ல யாராவது ஒருத்தருக்கு அந்த ஆபிஸ் வேலை தெரிஞ்சிருக்கும். அவன் உங்களுக்கு எழுதின லெட்டரை காப்பி எடுத்து பிள்ளைங்களுக்குக் குடுங்க, ஒரிஜினலை நீங்களே வச்சுக்கலாம். சேர்த்த வாய்ஸ் நோட், ஸ்கேன் எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு ஒரு பென்டிரைவ் வீட்டுக்கு, இன்னொண்ணு கோர்ஸ் செகரட்டரிகிட்ட. கூடவே ரூம்மேட் நம்பரையும் மூத்த பிள்ளைக்கு குடுத்துட்டு, அப்பாவைப் பத்தி எப்ப வேணா கேக்கலாம்னு ரூம்மேட்கிட்டயும் முன்னாடியே சொல்லி வைங்க.