அடாப்டிவ் சிங்க் மானிட்டர்: வாங்கும் முன்னும் பெட்டி பிரித்த அன்றும் செய்ய வேண்டியவை

கேமில் வேகமாகத் திரும்பும்போது படம் குறுக்கே வெட்டுப்பட்டது போலத் தெரிகிறதா? கிராபிக்ஸ் கார்டின் வேகமும் மானிட்டரின் வேகமும் ஒத்துப்போகாததால் வருவது அது. அடாப்டிவ் சிங்க் இருந்தால், அடுத்த ஃபிரேம் (கார்டு வரைந்து அனுப்பும் ஒவ்வொரு படம்) தயாராகும்வரை மானிட்டர் காத்திருக்கும். 2014-ல் டிஸ்ப்ளேபோர்ட் (கணினியை மானிட்டருடன் இணைக்கும் ஒரு முறை) தரத்தில் சேர்ந்த வசதி இது. 2019 ஜனவரியிலிருந்து என்விடியா கார்டுகளும் இதை ஏற்பதால், எந்த கார்டு என்ற கவலை பெரும்பாலும் தீர்ந்தது. மிச்சமிருக்கும் கவலை பேனலின், அதாவது திரையின், தரம். பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கர் அதைப் பற்றி அதிகம் சொல்லாது.

1. ஹெர்ட்ஸ் வரம்பைப் பாருங்கள். நொடிக்கு எத்தனை முறையிலிருந்து எத்தனை முறை வரை படம் மாறும்போது சிங்க் வேலை செய்யும் என்பதுதான் அது. 48–144 என்று இருந்தால் நல்லது. கேம் நொடிக்கு 40 ஃபிரேமுக்கு இறங்கினாலும் ஒவ்வொரு ஃபிரேமையும் இருமுறை காட்டி 80 ஹெர்ட்ஸில் சமாளித்துவிடலாம். 48–75 மானிட்டரில் அந்த 80-க்கு இடமே இல்லை. 48-க்குக் கீழே போனதும் பழைய வெட்டு திரும்ப வரும். ஏஎம்டி தரும் ஃப்ரீசிங்க் பிரீமியம் முத்திரை இருந்தால், ஃபிரேமை இருமுறை காட்டும் இந்த வசதி கட்டாயம் இருக்கும்.

2. பேனல். விஏ, ஓலெட், ஐபிஎஸ் என்று திரையில் வகைகள் உண்டு. விஏ-வில் கறுப்பு ஆழமாக இருக்கும். ஆனால் ஃபிரேம் ஏறி இறங்கும்போது வெளிச்சம் படபடக்கலாம். ஓலெட்டிலும் இது உண்டு. ஐபிஎஸ்ஸில் படபடப்பு குறைவு, ஆனால் இருட்டுக் காட்சியில் மூலைகள் வெளிறும். முதல்முறை வாங்குபவருக்கு நான் ஐபிஎஸ் என்றுதான் சொல்வேன்.

3. ஆர்டர் போடும் முன் இரண்டு விஷயங்களைப் படியுங்கள்: திருப்பி அனுப்ப எத்தனை நாள், எத்தனை டெட் பிக்சல் (வேலை செய்யாத புள்ளி) இருந்தால் மாற்றித் தருவார்கள். ஒரு புள்ளிக்கெல்லாம் மாற்ற மாட்டோம் என்பவர்கள் இருக்கிறார்கள். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள்.

4. வந்த அன்று இரவே சோதியுங்கள். மானிட்டர் மெனுவிலும் கார்டின் மென்பொருளிலும் சிங்க்கை ஆன் செய்யுங்கள். விண்டோஸ் 60 ஹெர்ட்ஸிலேயே நின்றிருக்கலாம், மாற்றுங்கள். பிறகு கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று திரை முழுக்க ஒரே நிறமாக வையுங்கள். புள்ளி தெரிந்தால் மென்துணியால் மெல்லத் துடைத்துப் பாருங்கள், தூசியாகவும் இருக்கலாம். கறுப்புத் திரையில் மூலை வெளிறினால் தலையை நகர்த்துங்கள். வெளிறல் கூடவே நகர்ந்தால் அது ஐபிஎஸ்ஸின் இயல்பு. அசையாமல் அதே இடத்தில் நின்றால் பின்விளக்கு கசிகிறது, அது குறை.

படபடப்பைச் சோதிக்க, இருட்டான காட்சி உள்ள கேமில் லோடிங் திரையையும் மெனுவையும் பாருங்கள். என் முதல் விஏ மானிட்டரில் லோடிங் வரும்போதெல்லாம் சாம்பல் நிறப் பின்னணி துடித்தது. கேபிள் என்று நினைத்து மாற்றினேன், டிரைவரை இரண்டு முறை நிறுவினேன். அதற்குள் திருப்பி அனுப்பும் நாட்கள் முடிந்துவிட்டன. சர்வீஸில் "இது அளவுக்குள்தான் சார் இருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள். இன்று நினைத்தாலும் வருத்தம்தான்.

5. துடித்தால், கேமின் ஃபிரேமை ஒரே அளவில் நிலைநிறுத்திப் பாருங்கள். பல நேரம் அடங்கிவிடும். அடங்கவில்லையா? சிங்க் ஆனில் ஒன்று, ஆஃபில் ஒன்று என இரண்டு வீடியோ எடுத்து, அன்றே ரிட்டர்ன் கோரிக்கையுடன் இணைத்து அனுப்புங்கள்.